சகாயமும் குருசாமியும் மோதியிருந்தால்

நூம்பலில் என் தங்கை வீட்டு மொட்டை மாடி. சாயங்கால நேரம். கொடியில் காய்ந்த நைட்டிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய உடம்பு குதித்துக்கொண்டிருந்தது.

மேலே பனியன்கூட இல்லை. கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் நைலான் கயிறு, கொடி கட்ட வாங்கியதில் மீந்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி தடதடத்தது. நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாகத் தழும்பு, துணிப் பையில் ஜிப் வைத்துத் தைத்த மாதிரி, வியர்வையில் பளபளத்தது.

அது என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன் சகாயம். அறுபதை எப்போதோ தாண்டியவர். போன வருடம் பைபாஸ் செய்துகொண்டவர்.

"இன்னா மாப்ளே, சாவறதுக்கு வேற வழி கிடைக்கலியா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் கீது மச்சான். தெரியாத மாரி கேக்காத."

தெரியும். தெரிந்துதான் கள்ளிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில், தோண்டிப் போட்ட சாலையில் மண்ணைத் தின்றுகொண்டு வந்திருந்தேன். ஸ்டெல்லா போனில் அழுதிருந்தாள். "அண்ணா, அந்த ஆள எப்டியாவது நிறுத்து" என்றாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் தொழிற்சாலை கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்குப் பழைய சகாக்கள் போன் போட்டுத் திட்டினார்கள். இந்த வாரம் யார் திட்டுவார்கள் என்று இப்போதே தெரியும். சகாயமும் திட்டுவார், ஞாயிற்றுக்கிழமை அவரோடு மோதவிருந்த குருசாமியும் திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்கு இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

ஆளே கிடைக்காத எடை

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்துச்சண்டை அணி உண்டு. பயிற்சிக்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தகரக் கொட்டகை, ஒரே பயிற்சியாளர். பீட்டர் மாஸ்டர்.

நான் ஒல்லி. இரண்டு வருடம் குத்து வாங்கிவிட்டு, வாங்கியது போதும் என்று நடுவராகிவிட்டேன். கத்தத் தெரிந்தவனுக்கு அது பொருத்தமான வேலை. அன்றிலிருந்து ஆட்களுக்கு நான் 'ரெப்ரீ'.

எங்கள் அணிகளில் எல்லோரும் குச்சி குச்சியாக இருப்பார்கள். ஹெவிவெயிட்டுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த எடையில் ஒருவன் இருந்தால் கபடிக்குப் போவான், அல்லது கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவான். அதிசயமாக எங்களுக்கு ஒரே காலத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சகாயம், ராயபுரத்துக்காரர். இன்னொருவர் குருசாமி, கோவில்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். தொழிற்சாலை வேறு வேறு.

இரண்டு பேரையும் பீட்டர் மாஸ்டர் ஒருநாளும் ஜோடி சேர்த்ததில்லை. பயிற்சியில்கூட இல்லை. ஏன் என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் தான்தான் பெரியவன்னு நெனப்பு இருக்கட்டும். அது உடைஞ்சா ஒருத்தன் ஆட்டத்தையே உட்ருவான்" என்பார்.

ஒரே ஒரு முறை, தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். எதிராளி வராமலேயே பாதி ஆட்டம் ஜெயித்து வந்தார்கள் என்பது வேறு கதை. குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு. ஆட்டத்தன்று காலையில் ஒரு தலைவர் காலமானார். கடைகள் அடைத்தார்கள், பஸ் ஓடவில்லை, ஆட்டமும் இல்லை. அப்புறம் வைக்கலாம் என்றார்கள். வைக்கவே இல்லை. அடுத்த வருடம் சகாயத்துக்குத் தோள் போயிற்று.

கடைசியில் நிர்வாகம் செய்த காரியம்தான் இன்றும் எனக்கு எரிச்சல். இருவரையும் கூட்டாக வெற்றி பெற்றவர்கள் என்று அறிவித்தார்கள். குத்துச்சண்டையில் கூட்டு வெற்றியாம்! இது என்ன, கூட்டுப் பட்டாவா?

அன்றிலிருந்து ஒரே கேள்வி. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? கல்யாண வீட்டில் கேட்டார்கள், சாவு வீட்டில் கேட்டார்கள், பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் கேட்டார்கள். நான் மழுப்பத் தெரியாதவன். "சகாயம். புள்ளிக் கணக்கில்" என்பேன். குருசாமியின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்காக அவர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

போன் சொன்ன ஆருடம்

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், மூட்டு வலிக்கு முருங்கைக்கீரை, யார் இறந்தார் என்ற செய்தி. இவ்வளவுதான் அதில் வரும்.

எவனோ ஒரு புண்ணியவான் இரண்டு பேரின் பழைய படங்களையும் போனுக்குள் போட்டு, இவர்கள் மோதினால் யார் ஜெயிப்பார் என்று அந்த எந்திர மூளையைக் கேட்டிருக்கிறான். அது கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறது. ஏழாவது சுற்றில் குருசாமி ஜெயிப்பாராம், சகாயம் மயங்கி விழுவாராம்.

எங்கள் ஆட்டத்துக்கு மூன்று சுற்றுதான். ஏழாவது சுற்று எங்கிருந்து வந்தது? நாங்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகா?

குருசாமி அதைத் திரும்பக் குழுவில் போட்டு, கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றையும் வைத்தார். சகாயம் பதிலுக்குக் குரல் பதிவு அனுப்பினார். அதில் இருந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது. கடைசி வரி மட்டும் இது: "ஆம்பளையா இருந்தா வேலப்பன்சாவடி ஜிம்முக்கு ஞாயித்துக்கிழமை வா."

குருசாமி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், தேதி குறித்தாயிற்று.

நான் சும்மா இருக்கவில்லை. இதய மருத்துவரிடம் ஸ்டெல்லாவை அனுப்பினேன். நெஞ்சில் ஓர் அடி விழுந்தாலும் தான் பொறுப்பில்லை என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். "அவரு குருசாமி ஆளு" என்றார் சகாயம். பங்குச் சாமியாரிடம் போனேன். பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி அந்தோணி, யார் ஜெயிப்பாங்க?" என்றார்.

நெமிலிச்சேரிக்குப் போய்க் குருசாமியையே பார்த்தேன். பனியனோடு உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"நான் வரலைன்னா பயந்துட்டேம்னு குரூப்புல போடுவான் வே. வாரேன். வந்து மெதுவா ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிருதேன்."

"மெதுவாத் தட்டினா அவன் சும்மா இருப்பானா? கொல வெறில வருவான்யா."

"அதுக்கு நான் என்ன செய்ய ரெப்ரீ? சவால் விட்டது அவன்லா?"

கடைசியாகத்தான் நூம்பல் மாடிக்குப் போனேன். சகாயம் கயிற்றைக் கீழே போட்டார். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பைபாஸ் அன்னிக்கு ஆஸ்பத்திரில என்னை உள்ள தள்ளிகினு போறாங்க மச்சான். ஸ்டெல்லா அழுவுது. ஜெபம் பண்ணுங்கன்னு நர்ஸம்மா சொல்லுது. எனக்கு ஜெபம் வரல. குருசாமி எங்க குத்துவான்னுதான் தோணிகினே கீது. மேலயா, கீழயா? இத தெரிஞ்சிக்காம நான் போவ மாட்டேன்."

கீழே இறங்கி வந்தேன். ஸ்டெல்லா படியிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மழை நாள் ஆட்டம்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

எங்கள் தகரக் கொட்டகை மழைக்கு ஒழுகும். தரை வழுக்கும். அன்றைக்குப் பயிற்சி கிடையாது என்று யாரையும் மாஸ்டர் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். இரண்டு முக்காலிகளை எதிரெதிரே போடுவார். இரண்டு பேர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சண்டை வாயால்.

ஒருவன், "லெஃப்ட்டு, மூஞ்சிக்கு" என்பான். நடுவர் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் எதிராளி எப்படித் தப்பித்தான், திருப்பி எங்கே குத்தினான் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பதில் இல்லையா, அவன் வாயாலேயே "பட்டுது" என்று சொல்ல வேண்டும். நடுவர் சொல்ல மாட்டார், பார்க்கிறவர்கள் சொல்லக் கூடாது. உடம்பால் முடியாததைச் சொன்னால் மட்டும் சுற்றி இருப்பவர்கள் "புளுகு!" என்று கத்தலாம்.

இதற்குப் பெயர் வாய்க்குத்து. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் எங்களில் எவனும் அதில் ஏமாற்றியதில்லை. முகத்தில் குத்து வாங்கிய ஆளைவிட, "பட்டுது" என்று சொன்ன ஆள் அதிக நாள் தூங்க மாட்டான்.

சகாயத்தையும் குருசாமியையும் இதில்கூட மாஸ்டர் எதிரெதிரே உட்கார வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து நேராக வந்தார்கள் பாதிப் பேர். ஜிம்மில் எடை தூக்கிக்கொண்டிருந்த வாலிபர்கள், பெரியவர்கள் கூட்டமாக வருவதைப் பார்த்து ஏதோ துக்க நிகழ்ச்சி என்று பாட்டை நிறுத்தினார்கள். உள்ளே வர மாட்டேன் என்று ஸ்டெல்லா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் மாத்திரைப் பை.

குத்துச்சண்டை வளையத்துக்குள் இரண்டு மலைகள். இரண்டு ஜோடி கையுறைகள். நான் அவற்றை எடுத்து என் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன்.

"நடுவர் யாரு?" என்றேன்.

"நீதான் ரெப்ரீ" என்றார் குருசாமி.

"அப்ப நான் சொல்றபடிதான் ஆட்டம். முக்காலி கொண்டாங்கடா. வாய்க்குத்து."

சகாயத்துக்கு மூக்கு விடைத்தது. "இன்னா மச்சான், சின்னப் புள்ள வெளயாட்டு காட்ற?"

"கையால எந்த மாடும் குத்தும். உங்க ரெண்டு பேருக்கும் மண்டைல ஆட்டம் இருக்கான்னு பாக்கணும். மூணு சுத்து. 'பட்டுது'ன்னு ஒருத்தன் சொன்னா ஒரு சுத்து முடிஞ்சது. முடிவு தெரியாம போச்சுன்னா, இந்தா கையுறை. நானே கட்டி உடறேன்."

அப்படிச் சொன்னது ஆபத்து என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் அவரை உட்கார வைக்க வழியில்லை. குருசாமி முதலில் உட்கார்ந்தார். சகாயம் என்னை முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். முக்காலி முனகியது.

முதல் சுற்று சகாயத்துடையது. பேச ஆரம்பித்ததும் அந்த ஆளுக்கு முப்பது வயது குறைந்துவிட்டது.

"லெஃப்ட்டு, மூஞ்சிக்கு."

தட்டினேன்.

"சாஞ்சிட்டேன். விலாவுல லெஃப்ட்டு" என்றார் குருசாமி.

"முழங்கைல வாங்கிக்கினேன். ரைட்டு, தாடைக்கு."

"பின்னால ரெண்டு எட்டு."

"பின்னாடி கயிறு கீது நைனா! இன்னும் எங்க போவ, பூந்தமல்லிக்கா? லெஃப்ட்டு, காதாண்ட!"

கூட்டம் சிரித்தது. நான் தட்டினேன். குருசாமி வாயைத் திறந்தார், மூடினார்.

"பட்டுது."

இரண்டாவது சுற்றில் சகாயம், "குனிஞ்சி அவன் கைக்கு அடில பூந்து வெளிய வந்துட்டேன்" என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புளுகு! ஜெபம் பண்ணவே உன்னால முட்டி போட முடியல!"

"டேய், அது இப்ப! நான் சொல்றது அப்ப இருந்த உடம்பு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்ப்புச் சொன்னேன். "மோதியிருந்தா அன்னிக்கு மோதியிருப்பாங்க. அன்னைய உடம்புதான் கணக்கு. முட்டிவலி, சர்க்கரை, பிரஷர் எதுவும் செல்லாது."

ஆனாலும் அந்தச் சுற்றைக் குருசாமி எடுத்தார். மெதுவாகப் பேசி, சகாயத்தை மூலையிலேயே வைத்திருந்து, விலாவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினார். தெற்கத்தி ஆட்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. சகாயம் "பட்டுது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆளுக்கு ஒன்று.

மூன்றாவது சுற்று

இரண்டு பேரும் முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். கை முழங்காலில்தான் இருந்தது. ஆனால் தோள் ஆடியது, கழுத்து சாய்ந்தது. குத்தும் பதிலும் வேகமாக வந்தன. என் உள்ளங்கை எரிந்தது.

சகாயம் அவசரப்பட ஆரம்பித்தார். "லெஃப்ட்டு. மறுபடி லெஃப்ட்டு. இன்னொரு லெஃப்ட்டு!"

குருசாமி மூன்றையும் தட்டிவிட்டார்.

எனக்கு உடனே தெரிந்தது. அங்கிருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இடதுகையை நீட்டினால் சகாயம் அதைத் திரும்ப மேலே கொண்டுவர மாட்டார். கீழே தொங்கவிட்டுவிடுவார். மாஸ்டர் பிரம்பால் அடித்தும் போகாத பழக்கம். அந்த நேரத்தில் நெஞ்சுக்குழி திறந்து கிடக்கும். வலதுகையால் நேராக ஒரே குத்து. இனி குருசாமி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

குருசாமி சொல்லவில்லை.

அவர் கண் சகாயத்தின் சட்டைப் பொத்தானில் நின்றுவிட்டது. மேல் பொத்தான் திறந்திருந்தது. தழும்பின் தலை தெரிந்தது.

தட்டினேன். "குருசாமி, சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். "ஒண்ணும் தோணலை வே. விட்ரு. அவனே ஜெயிச்சிட்டாம்னு வச்சிக்கிடுங்க."

சகாயம் எழுந்தார். முக்காலி பின்னால் போய் விழுந்தது.

"பாவம் பாக்கறியா? எனக்கா?" ஓர் எட்டில் வந்து என் கையிடுக்கிலிருந்து ஒரு ஜோடியைப் பிடுங்கினார். "இது ஆட்டமே இல்ல மச்சான். முடிவு தெரியல. நீ சொன்ன மாரி கட்டு. இப்பவே கட்டு!"

கையை நீட்டிக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. யாராவது பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் அது இன்னும் மோசமாகும். நான் திரும்பிக் குருசாமியைப் பார்த்துக் கத்தினேன்.

"குத்துய்யா! நீ குத்தலைன்னா இந்த ஆள் செத்துருவான்யா!"

அபத்தமான வாக்கியம்தான். அந்த நேரத்தில் அதைவிடச் சரியான வாக்கியம் இல்லை.

குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஞ்சு வே அது" என்றார். "எப்படிச் சொல்லச் சொல்லுத?"

அதைக் கேட்டதும் சகாயத்தின் கை கொஞ்சம் இறங்கியது. விழுந்த முக்காலியை அவரே நிமிர்த்தினார். உட்கார்ந்தார். கையுறையை மடியில் வைத்துக்கொண்டார். குரல் இப்போது சாதாரணமாக இருந்தது.

"நைனா, அன்னைய உடம்புன்னு ரெப்ரீ சொன்னான் இல்ல? அந்த நெஞ்சுல தையல் கிடையாது. கல்லு மாரி இருக்கும். நீ பாத்துக்கீற. பயப்படாம குத்து."

குருசாமி முகத்தைத் துண்டால் துடைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சகாயத்தின் கண்ணைப் பார்த்தார்.

"நெஞ்சுக்குழி. ரைட்டு. முழு பலத்தோட."

தட்டினேன்.

சகாயம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். இடதுகை முழங்காலிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. அது நேரத்துக்கு வந்து சேராது என்று அவருக்கே தெரிந்தது. மெல்ல மூச்சை விட்டார்.

"பட்டுது."

பிறகு சகாயமே சிரித்தார். தோற்றவன் சிரிக்கிற சிரிப்பு அல்ல. பல் வலி நின்றவன் சிரிப்பானே, அது.

"அங்கதானா? இத்தனை வருசமா தாடைன்னு நெனச்சிகினு இருந்தேன்யா!"

"தாடையில உன்னய எவன் வே குத்துவான்? அது பாறைலா" என்றார் குருசாமி. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து நிற்க இரண்டு பேருக்குமே அது தேவைப்பட்டது.

"போன் சொன்னது கரெக்டாயிடுச்சு பாருங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஏழாவது சுற்று எங்கே என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். தவறு என்னுடையதும்தான். இத்தனை வருடமாகச் சகாயம் சகாயம் என்று சத்தியம் செய்தவன் நான். என் கணிப்பு பொய்த்துப்போனதில் இவ்வளவு நிம்மதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரையும் திட்டியிருப்பேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளையத்தைவிட்டு இறங்கினேன்.

வாசலில் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சு. கையுறையே கட்டல. வாய்க்குத்துதான்" என்றேன். "உன் புருஷன் தோத்துட்டான்."

சிலுவை போட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கொஞ்ச நேரத்தில் அவளாகவே மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்டித் தோத்தாரு?"

"நெஞ்சுக்குழில ரைட்டு."

அவள் முகம் மாறியது. "லெஃப்ட்டு உட்டுட்டு கையக் கீழ போட்டாரா?"

"ஆமா."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன் அந்த ஆளுக்கு!" மாத்திரைப் பையை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அவள் கத்துவது வெளியே கேட்டது. குருசாமி சமாதானம் சொல்வது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே சகாயத்தின் குரல் கேட்டது. "திட்டறத ஊட்ல திட்டு ஸ்டெல்லா, பசிக்குது."